எட்டாவது மாடிக்கு வரும் கம்பிக்கட்டு

காலை வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. கிரேனின் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறையில் மட்டும் பட்டு மின்னுகிறது. அந்த அறையில் இன்று அவள் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வருடங்கள் கட்டடங்களில் செங்கல் சுமந்தவள். போய்ப் படி என்று யாரும் சொல்லாமலே நான்கு வருடங்கள் மாலை வகுப்புக்குப் போய், இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை கிரேன் ஓட்டும் உரிமம் வாங்கியவள். அவளுடைய முதல் சுமையாக ஒரு டன் கம்பிக்கட்டு தரையை விட்டு எழும்புகிறது. கலவை இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். அவளோடு சுமந்த பெண்கள் தலையில் வைத்த சும்மாட்டோடு அண்ணாந்து நிற்கிறார்கள். "நம்ம அக்காவா அது?" என்கிறாள் ஒருத்தி, குரலைத் தாழ்த்தி. எட்டாவது மாடியில் கம்பி கட்டும் அவள் கணவன் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோகிறான். "காத்து அடிக்குது, பாத்து."

"தெரியுது. நீங்க ரெண்டடி பின்னால போங்க."

வீட்டில் அவன் கேட்டிராத குரல். பின்னால் போகிறான். கட்டு காற்றில் மெல்லத் திரும்புகிறது. அவள் பதறவில்லை, ஆடி அடங்கும்வரை அதை வானத்திலேயே நிறுத்திவைக்கிறாள். பிறகு அது இறங்கி, இரண்டு மரக்கட்டைகளின் மேல் அமர்கிறது; கட்டையில் படிந்த சிமெண்டுத் தூசிகூடக் கலையவில்லை. கொக்கியைக் கழற்ற வேண்டிய கணவன், கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

"கழட்டுங்க," என்கிறது மேலிருந்து குரல். "கீழ இன்னும் ஒன்பது கட்டு இருக்கு."