ஒரே வாசல்

"பதினோரு வருஷமா இங்க டீ விக்கிறேன் சார். திடீர்னு உள்ள வராதேன்னா நான் எங்க போறது?"

பிளாஸ்க் அக்கா கேட்டாள். ஆணையர் தலை நிமிரவில்லை.

இரண்டு பெரிய பிளாஸ்க்கோடு அந்த அலுவலகத்தின் நாலு மாடியும் ஏறி இறங்குகிறவள் அவள். சொந்தப் பெயர் ஏதாவது இருக்கும், யாரும் கேட்டதில்லை.

"சுற்றறிக்கை போட்டு வாசல்ல ஒட்டியாச்சும்மா. இனிமே கேன்டீன் டீ மட்டும்தான். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

"என் டீயைக் குடிச்சு யாருக்கு என்ன ஆச்சு? நீங்களே தினம் ரெண்டு குடிப்பீங்களே சார்."

"ரூல்னா ரூல்தான். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான். கேன்டீனைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவன் மட்டும் ஆணையரின் மச்சினன். சுற்றறிக்கையை எழுதி ஆணையர் வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டியவனும் அவனே. பக்கத்தில் ஆணையரின் மனைவி, தம்பிக்காகக் கரண்டியோடு நின்றிருந்தாள். அந்த நேரத்தில் எவன் படித்துப் பார்ப்பான்? கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்கா மூலையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"நான் டைப் அடிக்கிறவ. எனக்கென்ன தெரியும்?" என்று டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவின் முதல் டீ தினமும் அவருக்குத்தான் போகும். "என் டீயைக் குடிச்ச வாய்தானே" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனது ஆணையர் காதிலும் விழுந்தது. அவருக்கே கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது.

ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிப்பது அவர் வேலை, பதினொரு மணிக்கு ஒரு விசாரணை. ஒரு பெரிய ஃபோன் கம்பெனி, தன் ஃபோனில் தன்னுடைய ஆப் ஸ்டோர் வழியாகத்தான் எந்த ஆப்பும் நுழைய வேண்டும் என்கிறது. ஆப் செய்தவனிடம் பங்கு வாங்குகிறது. வாங்கியவன் ஜாதகத்தையே குறித்து வைக்கிறது. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

"ஃபைல் ரெடியா?"

"ரெடி சார். மேல இருக்கிற தாளை முதல்ல படிங்க."

"தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இருபத்தொரு வருஷத்துல ஒரு கமா தப்பினதில்ல சார்."

அது உண்மை. வேலை நேரத்தில் யார் தூங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சான நேரம் விழ வேண்டும் என்று உத்தரவு போட்டவர் ஆணையர். அதையும் பிசகாமல் செய்பவர் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர்தான். அந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆணையர் உட்பட.

விசாரணை அறை நிரம்பி வழிந்தது. ஆணையருக்குத் தலைப்பைப் படிக்கும் வழக்கம் கிடையாது. "தலைப்பு குமாஸ்தாவுக்கு, விஷயம் எனக்கு" என்பார். மேல் தாளை எடுத்தார், நேரே விஷயத்தில் இறங்கினார்.

"'நாங்கள் சோதிக்காத எதுவும் உள்ளே வரக் கூடாது. பயன்படுத்துவோரின் பாதுகாப்பே காரணம்.' என்னய்யா பாதுகாப்பு? பூட்டும் உங்களுது, சாவியும் உங்களுது. அடுத்தவன் கடையை மூடறதுக்குப் பேர் பாதுகாப்பா?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். ஆணையர் கையமர்த்தினார்.

"'வெளியார் எங்கள் மூலமே விற்கலாம். விற்பனையில் பத்தில் மூன்று பங்கு எங்களுக்கு.' ஒருத்தன் உழைப்பான், ஒருத்தன் வாசல்ல உக்காந்து வாங்குவானா?"

நிருபர்கள் வேகவேகமாக எழுதினார்கள். ஆணையருக்குச் சுருதி கூடியது.

"'வாங்குவோர் தங்கள் ஃபோன் நம்பரையும், ஒரு நாளில் எத்தனை முறை, எந்த நேரத்தில் என்பதையும் பதிய வேண்டும்.' ஒருத்தன் எப்ப என்ன பண்றான்னு உங்களுக்கு எதுக்கு? மனுஷனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு இல்லையா? இதை எழுதினவனுக்கு வெக்கமே கிடையாதா?"

பின்வரிசையில் கைதட்டினார்கள்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் வக்கீல்.

"உக்காருங்க. இன்னும் முடியல. 'மீறுவோரின் பிளாஸ்க் பறிமுதல்...'"

ஆணையர் நிறுத்தி, தாளைக் கண்ணருகே கொண்டுவந்தார்.

"அதைத்தான் சொல்ல வந்தேங்கய்யா" என்றார் வக்கீல், மிகவும் பணிவாக. "எங்க கம்பெனி பிளாஸ்க் விஷயத்துல தலையிடறதில்ல. இது உங்க வாசல்ல ஒட்டியிருக்கு. வரும்போது படிச்சேன். கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு."

"படிக்காம போட்டுட்டேன்." ஆணையர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"எங்க ஆப் ஸ்டோர்லயும் அப்படித்தாங்கய்யா. எல்லாரும் படிக்காமத்தான் 'சம்மதம்' அழுத்தறாங்க."

விசாரணை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

ஆணையர் அறைக்குத் திரும்பி ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். மச்சினனைச் சமாளித்துவிடலாம், அந்தக் கரண்டியைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ஆனால் நிருபர்கள் வாசலில் அந்தச் சுற்றறிக்கையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தொரு வருஷத்துல இல்லாம, இன்னிக்கு எப்படிம்மா தப்பான தாள் வந்துச்சு?"

"வயசாயிடுச்சு சார். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

பாவமாக இருந்தது. திட்ட மனம் வரவில்லை.

"சரி, விடுங்க. அந்தச் சுற்றறிக்கையை ரத்துப் பண்ணி ஒரு தாள் அடிங்க. அந்த அம்மா வழக்கம்போல உள்ள வரட்டும்."

"இதோ சார்." டைப்பிஸ்ட் அம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

சூடு கண்ட பூனை ஆயிற்றே. ஆணையர் இந்த முறை தலைப்பிலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு கமா தப்பில்லை. கையெழுத்துப் போட்டார். பழக்கமில்லாத பழக்கமாக, அதற்கும் கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தார்.

அச்சான நேரம்: காலை 9.40.

விசாரணை தொடங்கியதே பதினொரு மணிக்குத்தான்.