மரத்தூள் லட்டு

தமயந்தி டீச்சரின் கை நேராக மரத்தூள் லட்டை நோக்கித்தான் வந்தது.

நாடகக் குழு தன் ஆதரவாளர்களுக்கு வைத்த தேநீர் விருந்து அது. வாங்கிய லட்டு பத்தாது. தட்டு நிறைந்து தெரியட்டும் என்று, நாடகத்தில் ராஜா தின்பதுபோல நடிக்கிற மரத்தூள் லட்டையும் தூக்கி அடியில் போட்டிருந்தார்கள். மேலே இருந்ததெல்லாம் பத்து நிமிஷத்தில் காலி. இப்போது மரத்தூள் லட்டு மட்டும்தான் மிச்சம்.

“தட்டண்ணே, கடிச்சா அவங்க பல்லு போயிடும்!” என்றான் லட்டு.

“போனா உனக்கென்னடா? நாம நிறைஞ்சு தெரிஞ்சோமா இல்லையா?” என்றார் தட்டண்ணன்.

டீச்சர் பல்செட் கட்டி ஒரு வாரம்தான் ஆகிறது. ஒத்திகைக்குப் பள்ளிக்கூட ஹாலைச் சும்மா கொடுக்கிறவரும் அவர்தான். அவர் கோபித்துக்கொண்டால் ஹால் போச்சு, நாடகம் போச்சு. அப்புறம் இவனைத் தின்ன ராஜாவுக்கு எங்கே போவது?

லட்டு டீச்சரின் வாய்வரைக்கும் போய்விட்டான்.

“டீச்சர், நான் தின்பண்டம் இல்லை! நடிகன்!”

கை நின்றது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, நீயா! ராஜா உன்னைத் தின்னும்போதெல்லாம் எனக்கு எச்சில் ஊறுமே. பாவி, நீ மரத்தூளா?” வயிறு குலுங்கச் சிரித்தார். “அடுத்த வாரம் ஒத்திகைக்கு ஹாலுக்கு வந்து சேரு, என்ன?”

லட்டுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தட்டண்ணன் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் இவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே.”