கை நீட்டினால் நிற்கும்

ஸ்காட்லாந்தின் அந்தச் சின்னக் கடலோர ஊரை அரைநாளில் சுற்றிப் பார்த்துவிட்டு, மங்கையர்க்கரசியும் கணவர் திருமேனியும் ஆளற்ற ரயில் நிலையத்துக்குத் திரும்பினார்கள். கை காட்டினால்தான் ரயில் நிற்கும் என்றது அறிவிப்புப் பலகை.

“ரயிலென்ன டவுன் பஸ்ஸா?” என்று திருமேனி கைகளைக் கட்டிக்கொண்டார்.

சொந்த ஊரில் ஆட்டோவைக்கூட அவர்தான் நிறுத்துவார். அவள் பின்னால் நிற்பாள். கடலை ஒட்டி வளைந்து, நிற்கிற உத்தேசமே இல்லாததுபோல் ரயில் வந்தது. அவள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். அவ்வளவு பெரிய ரயில், மூச்சிரைத்தபடி அவள் எதிரில் வந்து நின்றது. ஓட்டுநர் அவளைப் பார்த்துத் தலைதாழ்த்தினார்.

திருமேனி முதலில் ஏறிக்கொண்டு, “சீக்கிரம் ஏறு” என்றார்.

அவள் தன் கையையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க போங்க. அடுத்ததையும் நிறுத்திப் பாத்துட்டு வர்றேன்.”