அறுபத்தோரு காலிக் கட்டங்கள்

"அறுபத்தொண்ணு! அறுபத்தோரு கட்டம் காலி! வேலைக்குப் போனீங்களா, விருந்துக்குப் போனீங்களா மன்வாரா?"

டாக்காவிலிருந்து வந்திருந்த புள்ளியியல் பேராசிரியர் தாலுக்தார் மேசையைத் தட்டியதில் தேநீர்க் கோப்பை துள்ளியது.

வேலை இதுதான். ஜமுனா ஆற்றின் நடுவே காஷ்போன் மணல்திட்டு. வாரம் ஒருமுறை படகில் போய் வீடு வீடாக ஒரே கேள்வி: "இந்த வாரம் குழந்தைக்கு வயித்தால போச்சா?" ஆம் அல்லது இல்லை, நோட்டில் ஒரு கட்டம். திட்டின் வடபாதி மன்வாராவுக்கு, தென்பாதி ஜைனாலுக்கு.

ஒன்பது மாதத்து ஆம்-இல்லைகளைச் சங்கிலியாகக் கோத்து, அடுத்த வாரம் எந்தக் குழந்தை நோயில் படுக்கும் என்று முன்கூட்டியே சொல்வது பேராசிரியரின் கணக்கு. 'தாலுக்தார் மாடல்' என்று அதற்குத் தன் பெயரையே வைத்திருந்தார். வேறு யாரும் வைக்க முன்வரவில்லை. திட்டில் மட்டும் அவர் காலே வைத்ததில்லை. படகு ஆடுமாம்.

"வெள்ளத்துல பாதிப் பேர் கரைமேட்டுக்குப் போயிட்டாங்க, சார். அலைஞ்சு தேடி இருபது வீட்டுக்காரங்களைக் கண்டுபிடிச்சேன். மத்தவங்க கிடைக்கல. ஆளே இல்லாம யாரைக் கேட்டு எழுதறது?"

பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து அவள் காப்பாற்றிய நோட்டு. ஓர் எழுத்துகூட நனையவில்லை.

"சாக்கு! ஒரு கட்டம் விட்டாலும் என் சங்கிலி அறுந்துபோகும். இதோ, ஜைனாலைப் பாருங்க! ஒண்ணுகூடக் காலியில்ல. ஒரு 'ஆம்' வந்தா அடுத்த வாரமும் 'ஆம்'. மழையில ஏறுது, குளிர்ல இறங்குது. அப்படியே என் கணக்குப்படி!"

காலியில்லாத நோட்டுக்காகப் பேராசிரியரிடம் பரிசாகப் பெற்ற சுவர்க்கடிகாரத்தை அணைத்தபடி ஜைனால் நெளிந்தான். பயிற்சி வகுப்பில் பேராசிரியர் சொன்னதை ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

"எல்லாம் சார் சொல்லிக் குடுத்ததுதான்" என்றான்.

"கேட்டீங்களா? இன்னியோட உங்க வேலை முடிஞ்சுது, மன்வாரா. நோட்டை அவர்கிட்டக் குடுங்க. வடபாதியையும் அவரே பாத்துக்குவார்."

அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு வயிறுகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை நீட்டிய மன்வாரா, சற்று நிறுத்தினாள்.

"ஜைனால் பாய், உங்க பக்கத்து ஜனங்க எந்தக் கரைமேட்டுல இருக்காங்க? என் கண்ணுல ஒருத்தர்கூடப் படலையே?"

ஜைனால் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "கரைமேடு எதுக்கு? அவங்கவங்க வீட்லதான் இருக்காங்க! போன வியாழக்கிழமைகூட முப்பது வீட்டுக்கும் போயிட்டு வந்திருக்கார்."

மன்வாரா கடிகாரத்தையும் அதைப் பிடித்திருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யா அல்லா! தென்பாதி மொத்தமும் ஆத்துல கரைஞ்சு ஆறு மாசம் ஆச்சே... எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்க, பாய்?"