மழைக்கோட்டுக்குப் பயமா?

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. அவள் ஒரு பிரேமில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து கைபேசியை நீட்டியவள், முன்பக்கம் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் விற்பனைப் பெண். அக்கா கதை எழுதுவது கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொந்தக் கதை இல்லை. 'மழைக்கோட்டு' என்ற துப்பறிவாளர் வரும் நாவல்கள் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டவை. எழுதியவர் புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டவர். முகம் காட்டாமலே எழுதி, முகம் காட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் ரசிகர்கள் ஒரு இணையதளம் தொடங்கி, மழைக்கோட்டை வைத்து ஆளுக்கொரு கதை எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் இரண்டு பொத்தான்கள்: 'ஒட்டுது', 'ஒட்டலை'. பாதிக்கு மேல் 'ஒட்டலை' விழுந்தால் அத்தியாயத்தைத் தூக்கிவிடுவார்கள்.

"எந்த வரி?" என்றாள், தெரிந்தும்.

விற்பனைப் பெண் ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். "மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த மழைக்கோட்டு, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். 'லைட்டை அணைக்காதே. பயமா இருக்கு' என்றார்... ஏன்க்கா, பயமா? தோள்ல குண்டோட மொட்டை மாடி வரைக்கும் ஓடிப்போய்த் திருடனைப் பிடிச்ச மனுஷன்க்கா அவர்!"

"அது அப்போ."

"மழைக்கோட்டுக்கு ஏதுக்கா அப்போ இப்போ? 'மீசை மாமா'ன்னு ஒரு வாசகர் கீழே என்ன எழுதியிருக்கார் பாருங்க. 'அம்மணி, நாவல்களைப் படித்தீர்களா, இல்லை அட்டையை மட்டும் பார்த்தீர்களா?'"

அவளுக்கே சிரிப்பு வந்தது. "எல்லாத்தையும் படிச்சிருக்கேன்டி."

"படிச்சா போதுமா? ஆளைப் புரிஞ்சுக்க வேண்டாமா?"

திருகு கை நழுவி மேஜைக்கு அடியில் ஓடியது. இருவரும் குனிந்து தேடினார்கள்.

"அவர் சிரிக்கமாட்டார்னாங்க, சிரிப்பை எடுத்தேன்," என்று மேஜைக்கு அடியிலிருந்தே சொன்னாள். "ஷேவ் பண்ணும்போது பாட்டு முணுமுணுக்கமாட்டார்னாங்க, பாட்டை எடுத்தேன். டீயில அவ்வளவு சர்க்கரை போடமாட்டார்னாங்க, அதையும் குறைச்சேன். இப்படியே போனா கோட்டு மட்டும்தான் மிஞ்சும். உள்ள ஆள் இருக்கமாட்டார்."

"வாசகர் சொன்னா கேட்டுக்கணும்க்கா. நமக்காகவா எழுதறோம்?"

"அப்ப யாருக்காக எழுதறோம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். விற்பனைப் பெண் திருகைக் கண்டெடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேற எதை வேணும்னாலும் எடுக்கட்டும்," என்றாள் அவள். "இது ஒண்ணு மட்டும் இருந்தா நல்லதுன்னு தோணுது."

"ஒரு வரிக்காக மொத்த அத்தியாயத்தையும் தூக்கிடுவாங்க, பரவாயில்லையா? இப்படி மாத்திப் பாருங்க. 'லைட்டை அணைச்சிடு. நாளைக்கு வேலை இருக்கு.' எப்படி?"

அவள் அந்த வரியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கம்பீரமாக இருந்தது. நாவலில் வருவது போலவே இருந்தது. தான் எழுதியதைவிட இதுதான் அவருடைய குரல் என்றுகூடப் பட்டது. அதுதான் அவளைக் கலக்கியது. இத்தனை பேருக்கு ஒரே மாதிரி தெரிகிற ஆள் தனக்கு மட்டும் எப்படி வேறு மாதிரி தெரிவார்? தான்தான் எதையோ எதனுடனோ போட்டுக் குழப்பிக்கொள்கிறோமோ?

"இது நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"அப்படிச் சொல்லுங்க! இதுதான்க்கா அவரு. மாத்துங்க, மாத்துங்க."

தன் கைபேசியை எடுத்துப் பழைய வரியை அழித்தாள். புதியதை எழுதினாள். அதை அழித்துப் பழையதையே எழுதினாள். மறுபடியும் அழித்தாள்.

"என்னக்கா, சிலேட்டுல எழுதற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அழிச்சு அழிச்சு எழுதறீங்க?"

"எதுன்னே புரியலடி."

"சரி, விடுங்க. உங்களுக்கு இனிமே அந்தத் தலைவலியும் வேண்டாம். சண்டை முத்திப்போய், தளத்துக்காரங்க பதிப்பகத்துக்கே எழுதிட்டாங்களாம். பதிப்பகம் எழுத்தாளர் வீட்டுல கேட்டுச் சொல்லுமாம். வீட்டுல கூடாதுன்னுட்டா உங்க அத்தியாயம் காலி."

"வீட்டுலயா கேட்கப் போறாங்க?" அவள் நிமிர்ந்தாள்.

"பின்ன? மீசை மாமாவைக் கேட்டா ஒருத்தரும் ஒத்துக்கமாட்டாங்க. வீட்டு ஆளுங்க சொன்னா மறுபேச்சு கிடையாது."

முன்பக்கம் யாரோ மேஜையைத் தட்டினார்கள். "வர்றேன் சார்!" என்று விற்பனைப் பெண் எழுந்து ஓடினாள்.

பின்னறையில் அவள் கையிலிருந்த கைபேசி ஒலித்தது.

"வணக்கம்மா. பதிப்பகத்துலேர்ந்து பேசறேன், தொந்தரவுக்கு மன்னிக்கணும். சாரோட மழைக்கோட்டை வச்சு யாரோ ஒரு அம்மா கதை எழுதறாங்க. அவர் பயப்படறார், லைட்டை அணைக்காதேன்னு சொல்றார்னு ஒரு வரி. சார் கனவுலகூட அப்படி எழுதமாட்டார்னு வாசகர்கள் ஒரே கூச்சல். உங்க வீட்டுக்காரரோட கடைசி வரைக்கும் இருந்தவங்க நீங்க. நீக்கிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் தம்பி, இருக்கட்டும்," என்றாள் அவள். "ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் அப்படித்தான் சொன்னதா... எனக்கு ஞாபகம்."