ஆனிக்கு முப்பத்திரண்டு நாள்

கல்யாணராமன் மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். பஞ்சு விழுந்தது. மாத்திரை விழவில்லை.

இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. அவர்களுடைய மயிலாப்பூர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கே மாத்திரைத் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் அவர். தமிழ் மாதப் பிறப்பன்று தர்ப்பணம். முடிந்த கையோடு மருந்துக்கடை. இரண்டு அட்டை, முப்பது மாத்திரை. யாராலும் மறக்க முடியாத ஏற்பாடு என்று எழுதி, கைதட்டும் படத்தையும் தாமே போட்டிருந்தார்.

ஆனிக்கு முப்பத்திரண்டு நாள் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை. இன்று ஆனி முப்பத்தொன்று.

நெஞ்சுப் படபடப்புக்கான மாத்திரை. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போதே படபடத்தது.

கடைக்கு ஓடினார். நாளைச் சாயங்காலம்தான் வரும், வேறு கம்பெனி தரட்டுமா என்றார்கள். பக்கத்தில் மேல்வீட்டுச் சண்முகசுந்தரம் நின்றிருந்தார். எப்போதோ குழுவில் ஒரே ஒரு மாத்திரை கைமாற்றாகக் கேட்டதற்கு, திட்டமில்லாத வாழ்க்கையைப் பற்றிக் கல்யாணராமனிடம் பத்தி பத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். வேறு கம்பெனி மாத்திரையைத் தொடவே கூடாது என்பதும் அந்தப் பத்திகளில்தான் இருந்தது.

சும்மா விலை விசாரிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது இன்னும் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. குரலைத் தாழ்த்தி, பழியைப் பஞ்சாங்கத்தின் மேல் போட்டு, மனைவி நீரஜாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவள் சமையலறையில் வெந்தய டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு துண்டுகளை எடுத்து வந்தாள். துண்டுக்கு ஒரு மாத்திரை. அதே மாத்திரை. இன்றைக்கும் நாளைக்கும் ஆயிற்று.

விழுங்கினார். தண்ணீர் தொண்டையைத் தாண்டுவதற்குள் உயிர் வந்துவிட்டது. உயிர் வந்ததும் கை போனைத் தேடியது.

'நம் திட்டத்தின் முக்கிய அம்சம்: இரண்டு மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கும்.'

முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தினார் சண்முகசுந்தரம்.

அப்புறம்தான் அவை எங்கிருந்து வந்தன என்று நீரஜாவிடம் கேட்கத் தோன்றியது.

"ராத்திரியே கத்தரிச்சு வெச்சுட்டு, ஏகாதசி, சாப்பிடலேன்னா மாத்திரையும் கிடையாதுன்னு மேஜையிலேயே விட்டுட்டுப் போவேளே, அதுதான். முப்பது நாளைத் தாண்டற மாசத்துல எல்லாம் கடைசியில நானே பெட்டியில போட்டுடுவேன், இந்தத் தடவை மறந்துபோச்சு. இனிமே ரெண்டு வாழைப்பழத்தோடயாவது முழுங்கிடுங்கோ, கூடுதல் நாளுக்கு நான் தனியா வாங்கி வெச்சுக்கறேன்."

கல்யாணராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழுவில் அடுத்த அம்சத்தைச் சேர்த்தார்.

'ஏகாதசியன்றும் மாத்திரையை விடக் கூடாது. நான் விட்டதே இல்லை.'