கட்டைவிரல் அளவு துரு

"அவருக்கும் கையுறை கொடுங்க சார்."

சொல்லியேவிட்டாள்.

விருந்தாளி முன்னால் வாயைத் திறக்காதே என்று சமையல்கட்டு பிலோமினா அக்கா முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். அதிலும் கையுறைப் பேச்சை எடுக்கவே கூடாது. இந்த வீட்டில் கையுறை, மாடி அறையில் சாரின் பழைய வாள், கத்திகளைப் பராமரிக்கிற அவளுக்கு மட்டும்தான்.

சார் சிரித்தார்.

"இவர் நம்ம சம்பந்திதானேம்மா. மூணாம் மனுஷரா என்ன?"

சம்பந்தி அதற்குள் குறுவாளை உறையிலிருந்து உருவிவிட்டார். எவனோ ஒரு ஜெர்மன் கடற்படை அதிகாரி விழா நாட்களில் இடுப்பில் தொங்கவிட்டது. தந்தக் கைப்பிடி, அதன் தலையில் கிரீடம். யாரையும் குத்துவதற்காகச் செய்ததில்லை.

அலகில் சின்னதாக ஒரு பாய்மரக் கப்பல் பொறித்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

சற்று முன் முறுக்கு தின்ற விரல்.

நீலாங்கரைக் கடல் காற்றுக்கு அது போதும். சில நாளில் விரல் பட்ட இடம் பழுப்பாகும். பிறகு ரேகை ரேகையாகத் துரு ஏறும். தேய்த்தால் கப்பலும் சேர்ந்து போய்விடும்.

போன மாதமும் ஒரு கத்தியில் அப்படித்தான் ஏறியது. கட்டைவிரல் அளவு. ஆம்பளைக் கட்டைவிரல்.

அன்று சார் அந்தத் துருவைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். கையுறைக்குள் இருந்த கையை.

"உங்க ஆளுங்களுக்குக் கை ரொம்ப வேர்க்குமோ?"

கோபமே இல்லை அந்தக் குரலில். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல்.

அவள் வீட்டிலேயே முதல் பட்டம் அவளுடையது. வரலாற்றில் முதுகலை. மகள் மியூசியத்தில் வேலை பார்க்கிறாள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இது ஒரு பணக்காரர் வீட்டு மாடி அறை என்று அவரிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அதனால் அன்று பதிலை விழுங்கினாள்.

சம்பந்தி குறுவாளை மேசையில் வைத்துவிட்டுக் கிரிக்கெட் பேச ஆரம்பித்தார். சார் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"துடைச்சு வச்சிடும்மா."

அலகு பளபளவென்றுதான் இருந்தது. இப்போதைக்கு அதில் ஒன்றும் தெரியாது.

அவள் துடைக்கவில்லை.

கத்த வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. இப்போது பார்த்தால் அதற்குக்கூடத் தெம்பில்லை. அலுப்பாக இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது போல் கால் வலித்தது.

மாடிப்படி இறங்கினாள். மேலே சார் இரண்டு தரம் கூப்பிட்டார்.

சமையல்கட்டு வாசலில் பிலோமினா அக்கா ஈரக்கையோடு நின்றாள். மேலே பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கடைசியில் கேட்டது இதைத்தான்.

"சாப்பாட்டு டப்பாவ விட்டுட்டுப் போறியேடி."

அவள் வாசல் கேட்டின் கொண்டியைத் தூக்கினாள்.

"காலையில எடுத்துட்டே வரலக்கா."